இரண்டு டிஸ்க் வந்தால் கன்சோல் பழசாகிவிட்டதா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விளையாட்டுக் கன்சோல் பற்றியவை. பிள்ளைகளுக்கு விடுமுறை நெருங்குகிறது, புரிகிறது. ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (மதுரை வாசகர்): மகனுக்குப் பிளேஸ்டேஷன் 5 வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். பழைய டிஸ்க் விற்கும் கடையில் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த்’ பெட்டியைத் திறந்து காட்டினார்கள், உள்ளே இரண்டு டிஸ்க். கூட வந்த மகனின் நண்பன், “இப்பவே டிஸ்க்ல இடம் பத்தலை அங்கிள், அடுத்த கன்சோல்ல 300 ஜிபி டிஸ்க் வரும், அதுவரைக்கும் பொறுங்க” என்கிறான். ஐம்பதாயிரம் ரூபாய் சமாச்சாரம். பொறுத்திருக்கலாமா?

பதில்: டிஸ்க்குக்காகப் பொறுத்திருக்க வேண்டாம். விலை இறங்கட்டும் என்று பொறுத்திருந்தால் அது வேறு கதை. அதிலும் பெரிதாக நம்பிக்கை வைக்க முடியாது. 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு இங்கே வந்த டிஸ்க் மாடல், 2022 நவம்பரில் 54,990 ஆனது. இறங்குவதெல்லாம் பண்டிகைத் தள்ளுபடி நாட்களில்தான்.

அந்தத் தம்பி சொன்ன 300 ஜிபி டிஸ்க் கற்பனை இல்லை. சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து 2014-ல் அறிவித்த ‘ஆர்க்கைவல் டிஸ்க்’ அது. இரண்டு பக்கமும் பதியலாம், பக்கத்துக்கு மூன்று அடுக்கு. ஆனால் அது பெரிய நிறுவனங்கள் தங்கள் பழைய காட்சிகளையும் தரவுகளையும் பல பத்தாண்டுகளுக்குப் பூட்டிவைக்கச் செய்தது. வீட்டில் டிவிக்குக் கீழே வைக்கும் கன்சோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, சம்பந்தம் உண்டாக்கினால்தான் என்ன? இங்கேதான் வேகம் குறுக்கே நிற்கிறது. பிளேஸ்டேஷன் 5-ன் டிஸ்க் டிரைவ் 100 ஜிபி டிஸ்க்கை ‘பத்து மடங்கு’ வேகத்தில் படிக்கிறது. அந்த டிஸ்க் ப்ளூ-ரே வகை, அதில் ஒரு மடங்கு என்பது விநாடிக்கு நாலரை எம்பி. ஆக, உச்சத்தில் விநாடிக்கு 45 எம்பி. அந்த உச்சமும் டிஸ்க்கின் வெளி விளிம்பில்தான் கிடைக்கும், உள்வட்டத்தில் அதில் பாதிகூட வராது. உச்ச வேகத்திலேயே ஓடியதாக வைத்துக்கொண்டாலும் முழு டிஸ்க்கையும் படித்து முடிக்க 37 நிமிடம். நடப்பில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போகும். அதே கன்சோலுக்குள் இருக்கும் எஸ்எஸ்டி (சுழலாத சிப் சேமிப்பு) விநாடிக்கு 5,500 எம்பி படிக்கிறது. நூற்றிருபது மடங்குக்கும் மேல்.

இந்தக் கணக்கில் 300 ஜிபி டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை காலை டிஸ்க்கைச் சொருகிவிட்டுப் பையன் மதியச் சாப்பாடு முடிந்துதான் விளையாட உட்காருவான். குடத்தைப் பெரிசாக்கி என்ன, குழாய் அதே குழாய்தானே. டிஸ்க்கை இன்னும் வேகமாகச் சுற்றலாமே என்றால், பன்னிரண்டு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் தட்டை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை கொண்டுபோனதும் சத்தமும் அதிர்வும் தாங்காது. அந்த எல்லையை டிரைவ் செய்பவர்கள் ஏற்கனவே தொட்டுப் பார்த்துவிட்டார்கள்.

இரண்டு டிஸ்க் என்றதும் நீங்கள் நினைப்பதுபோல் விளையாட்டுக்கு நடுவில் எழுந்துபோய் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஒன்று ‘டேட்டா டிஸ்க்’, இன்னொன்று ‘ப்ளே டிஸ்க்’. முதல் நாள் டேட்டா டிஸ்க்கைப் போட்டால் அதிலுள்ளது எஸ்எஸ்டியில் இறங்கும். பிறகு ப்ளே டிஸ்க். முன்னதைப் பெட்டியில் வைத்து மூடிவிடலாம், மறுபடி இன்ஸ்டால் செய்யும்வரை அதைத் தேட வேண்டாம். பிளேஸ்டேஷன் 4-ல் 2018-ல் வந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ இப்படித்தான் வந்தது, 2020-ல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ அப்படியே. ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’ பிளேஸ்டேஷன் 4-க்கு இரண்டு டிஸ்க், 5-க்கு ஒன்றே ஒன்று. ஆயுளில் ஒரு தடவை டிஸ்க் மாற்றுகிற தொல்லைக்காகப் புது வகை டிஸ்க், புது வகை லேசர், புது வகை அச்சுத் தொழிற்சாலை என்று யாரும் பணம் போட மாட்டார்கள்.

கன்சோல்காரர்கள் ஒருபோதும் தனியாகப் பெரிய டிஸ்க்கைக் கண்டுபிடித்து வாழ்ந்ததில்லை என்பதையும் பாருங்கள். 2000-ல் பிளேஸ்டேஷன் 2 டிவிடியை எடுத்துக்கொண்டது, 2006-ல் பிளேஸ்டேஷன் 3 ப்ளூ-ரேயை. இன்றைய 100 ஜிபி டிஸ்க்கும் 4கே படத்துக்காக வந்த அல்ட்ரா எச்டி ப்ளூ-ரேதான். எப்போதும் சினிமா டிஸ்க்கின் முதுகில் ஏறித்தான் விளையாட்டு வந்திருக்கிறது. தனி வழி போன செகா ட்ரீம்காஸ்ட்டின் ஒரு ஜிபி டிஸ்க்கும் நின்டெண்டோ கேம்கியூபின் குட்டி டிஸ்க்கும் அந்தக் கன்சோல்களோடு முடிந்துபோயின. இப்போது சினிமாவே டிஸ்க்கைவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. எல்ஜி 2024-ல் ப்ளூ-ரே பிளேயர் செய்வதை நிறுத்தியது. சோனி 2025 பிப்ரவரியோடு பதிவு செய்யும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை மூடியது. ஏறிக்கொள்ள முதுகு இல்லை. அடுத்த கன்சோலில் பெரிய டிஸ்க் வருமா என்று கேட்பதைவிட, டிஸ்க் போடும் வாயே இருக்குமா என்று கேட்பதுதான் பொருத்தம்.

வாங்குங்கள். தம்பிக்கு ஒரு ஐஸ்கிரீமும் வாங்கிக்கொடுங்கள், அவன் தப்பான கேள்வி கேட்கவில்லை.

கேள்வி (கோவை வாசகர்): எக்ஸ்பாக்ஸ் 360 காலத்திலிருந்து விளையாடுகிறேன். அப்போதும் ‘டிவிடி பத்தாது, ப்ளூ-ரே வேண்டும்’ என்று ஒரு சாரார், ‘அதெல்லாம் விற்பனைத் தந்திரம்’ என்று ஒரு சாரார். நான் இரண்டாவது கட்சி. இப்போது நீங்கள் டிஸ்க் அளவு முக்கியமில்லை என்றால் நான் சொன்னதுதானே சரி?

பதில்: இல்லை, உங்கள் கட்சி அன்றைக்குப் பாதி தோற்றது.

360-ல் இருந்தது இரட்டை அடுக்கு டிவிடி. 8.5 ஜிபி என்று பேர், நகல் தடுப்புக்கு ஒதுக்கிய பகுதி போக விளையாட்டுக்குக் கிடைத்தது 6.8 ஜிபி அளவுதான். 2011-ல்தான் அதைக் கொஞ்சம் கூட்டினார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், ஹார்ட் டிஸ்க்கே இல்லாத மலிவு மாடலையும் மைக்ரோசாஃப்ட் விற்றது. எனவே எந்த விளையாட்டும் ‘முதலில் இன்ஸ்டால் செய், பிறகு விளையாடு’ என்று கட்டாயப்படுத்த முடியாத நிலை. எல்லாம் டிஸ்க்கிலிருந்தே ஓட வேண்டும். டிஸ்க்கின் அளவுதான் விளையாட்டின் அளவு. ‘புளூ டிராகன்’ மூன்று டிஸ்க், ‘லாஸ்ட் ஒடிஸி’ நான்கு. 2010-ல் ‘ஃபைனல் ஃபேன்டஸி 13’ பிளேஸ்டேஷன் 3-ல் ஒரே ப்ளூ-ரேயில் வந்தது, 360-ல் மூன்று டிவிடி. அந்த மூன்றிலும் அடக்குவதற்குக் காணொளிக் காட்சிகளைப் பிழிந்து சுருக்கினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் கண்ணில் பட்டது. 360-க்கு மைக்ரோசாஃப்ட் தனியாக விற்ற எச்டி டிவிடி (ப்ளூ-ரேயின் போட்டி டிஸ்க்) பெட்டியும் இதற்கு உதவவில்லை, அது படம் பார்க்க மட்டும். 2008 பிப்ரவரியில் தோஷிபா எச்டி டிவிடியையே கைகழுவ, அதுவும் போயிற்று.

அந்தப் பக்கமும் சொர்க்கமில்லை. பிளேஸ்டேஷன் 3-ன் டிரைவ் இரண்டு மடங்கு வேக ப்ளூ-ரே, விநாடிக்கு 9 எம்பி. 360-ன் டிவிடி உச்சத்தில் அதைவிட வேகம். 2008-ல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் 4’ 50 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கில் வந்து பெருமை அடித்துக்கொண்டது. விளையாட உட்கார்ந்தால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் இன்ஸ்டால். நரைத்த மீசையோடு நாயகன் நின்றுகொண்டு சிகரெட் பிடிப்பான், நாம் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம். இடம் ஏராளம், எடுத்துத் தரத்தான் ஆளில்லை.

அந்தக் காலத்தில் டிஸ்க் மாற்றுவது உண்மையான தொல்லை. அதற்கும் முன்னால், முதல் பிளேஸ்டேஷனில் நான்கு சிடி விளையாட்டு ஒன்றை ஒரு மழைக்கால விடுமுறை முழுக்க விளையாடினேன். பர்மா பஜாரில் வாங்கிய நகல், மேலே நீல மார்க்கரில் 1, 2, 3, 4 என்று எழுதியிருக்கும். மூன்று முடிந்து ‘அடுத்த டிஸ்க்கைப் போடு’ என்று திரை சொல்கிறது, போட்டால் நான்கு என்று எழுதியதிலும் மூன்றாவதுதான் இருக்கிறது. கதை எப்படி முடிந்தது என்று எனக்குப் பல வருடம் தெரியாது. நகல் வாங்கியவனுக்குக் குறைசொல்ல உரிமை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

நிலைமை மாறியது 2013-ல். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் ஹார்ட் டிஸ்க் கட்டாயம், இன்ஸ்டாலும் கட்டாயம். அன்றோடு டிஸ்க் மேடையிலிருந்து இறங்கி லாரி ஆனது, சாமானைக் கொண்டுவந்து இறக்கும் வேலை மட்டும். லாரி சிறியதென்றால் இரண்டு நடை அடிக்கலாம். எனவே 2006-ல் ‘அளவு முக்கியமில்லை’ என்ற நீங்கள் தவறு, இன்று அதையே சொன்னால் சரி. பழைய நண்பர்களிடம் எதைச் சொல்வதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): எங்கள் ஊரில் 30 எம்பிபிஎஸ் இணைப்புதான். டவுன்லோட் தொல்லை வேண்டாமென்றே விலை கொடுத்து டிஸ்க் வாங்குகிறேன். டிஸ்க்கைப் போட்டதும் 60 ஜிபி டவுன்லோட் கேட்கிறது. இது ஏமாற்று இல்லையா? டிஸ்க்கைப் பெரிதாக்கினால் இது தீருமா?

பதில்: உங்கள் கோபம் நியாயம். 60 ஜிபியை 30 எம்பிபிஎஸ் வேகத்தில் (அது மெகாபிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) இறக்க, நடுவில் மின்சாரம் போகாமல் இருந்தால், நாலரை மணி நேரம். ஆனால் டிஸ்க்கைப் பெரிதாக்கினால் தீரும் என்பதை ஏற்க மாட்டேன். இருக்கிற இடத்தையே நிரப்பாதவர்களுக்கு இன்னும் பெரிய இடம் எதற்கு?

2022-ல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’-வின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கைத் திறந்து பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். உள்ளே இருந்தது சுமார் 70 எம்பி. ஜிபி அல்ல, எம்பி. பழைய சிடியிலேயே பத்து தடவை எழுதலாம். மீதி அத்தனையும் டவுன்லோட். அங்கே டிஸ்க் வெறும் சாவி, ‘இவர் காசு கொடுத்தவர்’ என்று கன்சோலிடம் சொல்கிற அடையாளச் சீட்டு.

ஏன் இப்படி? பல காரணம். டிஸ்க் அச்சுக்குப் போகும் நாளுக்கும் கடைக்கு வரும் நாளுக்கும் இடையே சில வாரங்கள் உண்டு. அதற்குள் திருத்தம் வந்துவிடும், டிஸ்க்கில் இருப்பது பழைய பதிப்பாகிவிடும். மூன்றடுக்கு 100 ஜிபி டிஸ்க்கை அச்சிடுவது இரண்டடுக்கு 50 ஜிபி டிஸ்க்கைவிடச் செலவு. கணக்குப் பார்க்கும் வெளியீட்டாளர் 50-ல் அடங்கியதைக் கொடுத்துவிட்டு மீதியை உங்கள் இணைய பில்லில் ஏற்றிவிடுகிறார். எக்ஸ்பாக்ஸ் பக்கம் இன்னொரு விஷயம்: ஒரே டிஸ்க்கை எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் சீரிஸ் எக்ஸுக்கும் சேர்த்து விற்கும்போது பல நேரம் உள்ளே இருப்பது பழைய கன்சோலுக்கான பதிப்பு, புதியதற்கு உரியது டவுன்லோட்.

நின்டெண்டோ இதை மறைக்காமல் செய்துவிட்டது. 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2-க்கு ‘கேம்-கீ கார்டு’ என்றே ஒரு வகை. கார்டில் விளையாட்டு இல்லை, சாவி மட்டும். முதல் தடவை இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும், அப்புறம் கார்டைச் சொருகினால் ஓடும். பெட்டியின் முன்பக்கத்திலேயே அதைப் போட்டுவிடுகிறார்கள். அதே கன்சோலுக்கு ‘சைபர்பங்க் 2077’ முழு விளையாட்டும் 64 ஜிபி கார்டிலேயே வந்தது. மனமிருந்தால் முடிகிறது.

மனமிருந்தால் அளவைக் குறைக்கவும் முடியும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தேடும் நேரத்தை மிச்சப்படுத்த ஒரே பொருளைப் பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதிவைப்பது வழக்கம். பிளேஸ்டேஷன் 4-ன் ‘ஸ்பைடர்-மேன்’ விளையாட்டில் தெருவோரத் தபால் பெட்டி மாதிரியான சாதாரணச் சாமான்கள் சில 400 தடவை வரை பதிந்திருந்ததாக, பிளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னியே 2020 மார்ச் உரையில் சொன்னார். எஸ்எஸ்டி வந்த பிறகு அதற்கு அவசியமில்லை. ‘ஹெல்டைவர்ஸ் 2’-வின் கணினிப் பதிப்பு 154 ஜிபி அடைத்துக்கொண்டிருந்தது. 2025 கடைசியில் இந்த இரட்டிப்பு மூட்டைகளைக் களைந்ததும் 23 ஜிபி ஆனது. விளையாட்டில் ஒரு துப்பாக்கிகூடக் குறையவில்லை.

வாங்கும் முன் செய்ய வேண்டியது இதுதான். பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் கீழே எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். ‘இணைய இணைப்பு தேவை’, ‘கூடுதல் டவுன்லோட் தேவை’ என்பதை அங்கேதான் ஒளித்துவைப்பார்கள். இணையம் இல்லாமல் விளையாட முடியாதென்றால் அதுவும் அங்கேதான். வெளியான அன்றே ஓடிப்போய் வாங்காமல் ஒரு வாரம் பொறுத்தால், டிஸ்க்கில் எத்தனை ஜிபி உண்மையில் இருக்கிறது என்பதை வாங்கியவர்கள் படம் பிடித்துப் போட்டிருப்பார்கள். பெட்டியில் எங்குமே சொல்லாமல் விற்றிருந்தால் பில்லையும் பெட்டிப் படத்தையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். பின்பக்கத்தில் எழுதியிருந்தால் வாதாடுவது கஷ்டம். நான் ஒரு முறை சீலை உடைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனேன். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை, பெட்டியைத் திருப்பி அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தார். படித்துவிட்டு வந்துவிட்டேன்.

கேள்வி (சேலம் வாசகி): பிளேஸ்டேஷன் 5 வந்த புதிதில் டிஸ்க் உள்ள மாடலுக்கும் இல்லாத மாடலுக்கும் 10,000 ரூபாய் வித்தியாசம். டிஸ்க்கில் பாதிதான் இருக்கும் என்கிறார்கள். பிறகு எதற்கு அந்த 10,000?

பதில்: திருப்பி விற்பதற்கு, அம்மா. டிஸ்க்கில் எவ்வளவு அடங்குகிறது என்பதற்காக யாரும் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

பிளேஸ்டேஷன் 5 வந்த புதிதில் சோனியின் பெரிய விளையாட்டுகள் இங்கே 4,999 ரூபாய். வீட்டில் வருடத்துக்கு நான்கு வாங்குவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டுப் பாதி விலைக்குத் தள்ளினால் சுமார் 2,500 திரும்பும். நான்கு விளையாட்டில் அந்தப் பத்தாயிரம் கைக்கு வந்துவிட்டது. ஐந்தாவதிலிருந்து லாபம். டவுன்லோட் வாங்கியதை விற்கவும் முடியாது, பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு வாரம் கொடுக்கவும் முடியாது. உங்கள் வீட்டில் வருடம் முழுக்க ஒரே இலவச விளையாட்டைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்றால், அல்லது மாதச் சந்தாவில் வருவதே போதுமென்றால், டிஸ்க் இல்லாத மாடலே லாபம். உண்மையைச் சொன்னால் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது.

டிஸ்க் இருந்தால் என்றைக்கும் நம் சொத்து என்றும் நினைத்துவிடாதீர்கள். ‘தி கிரூ’ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று அணைத்தது. முழுக்க இணையத்தை நம்பிய விளையாட்டு, டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அது வெறும் தட்டு. மறுபுறம் டிஜிட்டல் கடைகளும் மூடப்படுகின்றன. நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ இரண்டின் கடையும் 2023 மார்ச்சில் மூடியது, எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில். தனியாள் விளையாட்டு, முழுவதும் டிஸ்க்கிலேயே இருப்பது, இந்த இரண்டும் சேர்ந்தால் மட்டுமே அலமாரியில் வைத்துப் பத்து வருடம் கழித்து எடுக்கலாம்.

ஒரு நடுவழியும் உண்டு. 2023 நவம்பரில் வெளிநாட்டிலும் 2024 ஏப்ரலில் இந்தியாவிலும் வந்த மெலிந்த மாடலில் டிஸ்க் டிரைவ் கழற்றி மாட்டும் வகை. இப்போது டிஸ்க் இல்லாததை வாங்கி, பின்னால் டிரைவ் சேர்த்துக்கொள்ளலாம். முதல் தடவை மாட்டும்போது இணையம் வேண்டும். யாராவது 2020-ன் பழைய டிஜிட்டல் மாடலை மலிவாகக் கொடுத்தால் நினைவிருக்கட்டும், அதில் எந்த டிரைவும் மாட்ட முடியாது.

கேள்வி (சென்னை, கல்லூரி மாணவர்): ரிச்சி தெருவில் பழைய டிஸ்க் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்? கீறல் இருந்தால் டூத்பேஸ்ட் தேய்த்தால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: டூத்பேஸ்ட்டைப் பல்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது சிடி காலத்து வைத்தியம். சிடியில் தகவல் அடுக்கு, லேசர் படிக்கும் பக்கத்திலிருந்து 1.2 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும். மேலே கொஞ்சம் தேய்ந்தாலும் தாங்கும். ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில். சிறிய இடத்தில் நிறைய எழுத, லேசரை அவ்வளவு நெருங்கிக் குவிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் மேலே கடினமான பூச்சு ஒன்று போட்டிருக்கிறார்கள். தேய்த்தால் முதலில் போவது அந்தப் பூச்சு. டிஸ்க் கொள்ளளவைக் கூட்டக் கூட்டக் கீறலுக்குப் பயந்து வாழ வேண்டியிருப்பது இதனால்தான்.

டிஸ்க்கின் ஓரங்களை மட்டும் பிடித்து, கடையின் டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்து, மெதுவாகத் திருப்புங்கள். நடுவிலிருந்து வெளியே ஓடும் மெல்லிய கோடுகளுக்கு அதிகம் பயப்பட வேண்டாம். தகவல் வட்டமாக எழுதியிருக்கும் ஒவ்வொரு தடத்தையும் ஒரு புள்ளியில்தான் வெட்டும், பிழைதிருத்தம் சமாளித்துவிடும். வட்டப் போக்கில், தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் எமன். அதுவே நீளத்துக்கு ஒரே தடத்தைத் தின்றுவிடும். பிறகு லேபிள் பக்கத்தையும் நடு ஓட்டையைச் சுற்றியும் பாருங்கள், மயிரிழை வெடிப்பு இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வேகமாகச் சுற்றும்போது அது பெரிதாகும். விரல் ரேகை மட்டும் என்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிநோக்கித் துடைத்தால் போதும்.

கடையில் கன்சோல் இருந்தால் போட்டுக் காட்டுவார்கள், ‘ஓடுது பாருங்க’ என்பார்கள். படம் வந்தால் போதாது, இன்ஸ்டால் கடைசிவரை போக வேண்டும். நான் வாங்கிய ஒன்று 87 சதவீதத்தில் நின்றது, மூன்று தடவையும் அதே 87. எனவே ‘இரண்டு நாளில் மாற்றித் தருகிறேன்’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இரண்டு டிஸ்க் விளையாட்டென்றால் இரண்டும் பெட்டியில் இருக்கிறதா, இரண்டும் அதே விளையாட்டுதானா என்று எண்ணிப் பாருங்கள். என் நான்காவது சிடி கதை மேலே இருக்கிறது.

டிஎல்சி (விளையாட்டுக்குக் கூடுதலாக இணையத்தில் விற்கும் பகுதி) வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. டிஸ்க் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கன்சோலில் ஓடும். ஆனால் டிஎல்சி, டிஸ்க்கின் வட்டாரத்தோடு ஒத்துப்போக வேண்டும். அமெரிக்க டிஸ்க்கை வாங்கிவிட்டு இந்தியக் கணக்கில் டிஎல்சி வாங்கினால் இரண்டும் பேசிக்கொள்ளாது. பெட்டிக்குள் இருக்கும் டவுன்லோட் குறியீட்டுச் சீட்டை முந்தைய உரிமையாளர் பயன்படுத்தியிருப்பார், அதற்காக விலை கூட்டிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): நாலைந்து விளையாட்டு போட்டதும் பிளேஸ்டேஷன் 5 நிறைந்துவிட்டது. வீட்டில் சும்மா கிடக்கும் 2 டிபி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் தீருமா?

பதில்: அரைகுறையாகத் தீரும். பெட்டியில் 825 ஜிபி என்று போட்ட முதல் மாடலில் உங்களுக்கென்று கிடைப்பது 667 ஜிபிதான். யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளை வைத்து அங்கிருந்தே விளையாடலாம். பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளை அதில் வைத்துப் பாதுகாக்கலாம், விளையாடும்போது உள்ளே நகர்த்த வேண்டும். மறுபடி டவுன்லோட் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

நிரந்தரத் தீர்வு, உள்ளே காலியாக இருக்கும் ‘எம்.2’ என்ற சொருகு இடத்தில் ஒரு எஸ்எஸ்டி. 2021 செப்டம்பர் மென்பொருளிலிருந்து அந்த இடம் திறந்துவிடப்பட்டது. வாங்கும்போது ‘ஜென் 4’ என்று இருக்க வேண்டும், படிக்கும் வேகம் விநாடிக்கு 5,500 எம்பிக்குக் குறையக் கூடாது, சூடு தணிக்கும் உலோகத் தகடு அதிலேயே ஒட்டியிருந்தால் நல்லது. மாட்டுவதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கால் மணி நேரமும் போதும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை, அதற்கென்றே விற்கும் கார்டைத்தான் சொருக வேண்டும், விலையும் அதற்கேற்றபடி. பெரிய டிஸ்க் வருமா என்று ஏங்கும் எல்லோருக்கும் நான் சொல்வது இதையேதான்: காசு இருந்தால் இங்கே போடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர், வயது 68): பேரன் வாங்கியிருக்கும் பிளேஸ்டேஷன் 5-ல் என்னுடைய பழைய பாட்டு சிடிகள் ஓடுமா? டிஸ்க் போடும் இடம் இருக்கிறதே.

பதில்: ஓடாது ஐயா. டிவிடி படம் ஓடும், ப்ளூ-ரே ஓடும், 4கே ப்ளூ-ரேயும் ஓடும், பாட்டு சிடிக்கு மட்டும் கையை விரித்துவிடும். பிளேஸ்டேஷன் 4-ம் அப்படித்தான், 3-ல் ஓடியது. பரணில் பழைய டிவிடி பிளேயர் கிடந்தால் பேரனை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள், அதில் ஓடும்.